பொத்தான் டப்பாவில் பத்து மாத்திரைகள்

அந்த மாத்திரை அட்டையைப் பைக்குள் வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் இப்படிக் கொடுங்கள், அம்மா. பறித்துக்கொள்ள மாட்டேன், பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன். பத்தில் நான்கு மிச்சம் இருக்கிறது. யாருக்கு எழுதிக் கொடுத்தது? மாமனாருக்கா? ஏன் மிச்சம் வைத்தார்? காய்ச்சல் விட்டுவிட்டது, வயிற்றைப் பிரட்டியது, நிறுத்திவிட்டார். சரி. இப்போது இந்த நான்கும் எங்கே போகின்றன? தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் இருக்கிற உங்கள் தம்பிக்கு. தம்பிக்குப் பல் வலி.

நான் கோபப்படவில்லை. என் குரலே இப்படித்தான். முப்பத்தோரு வருடம் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவள் நான். அங்கே ஒரு சொல் குறைந்தால் ஒருவர் காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கிவிடுவார். அதனால் முழு வாக்கியமாகத்தான் பேசிப் பழக்கம். எதிரே இருப்பவர்களுக்கு அது திட்டுவதுபோல் கேட்கிறதாம். என் தங்கையும் அப்படித்தான் சொல்கிறாள். அவளைப் பார்க்கத்தான் இந்தப் பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பார்க்க என்றால், அழைத்து வர.

இந்த மருந்தெல்லாம் கிருமியைக் கொல்கிற மருந்து, அம்மா. எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நாள் சாப்பிட வேண்டும். அரைகுறையாக நிறுத்தினால், சாகாமல் தப்பித்த கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடுகிறது. அடுத்த முறை அதே மருந்து தண்ணீர் மாதிரி. இதை நான் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஜன்னல் என்றால் பெரிய ஜன்னல் அல்ல, ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. சீட்டு வரும், மருந்தை வைப்பேன், சொல்ல வேண்டியதைச் சொல்வேன், கை போய்விடும், அடுத்த கை வரும். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் குனிய வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு முறை யாரால் குனிய முடியும்?

நான் கண்ணை மூடிக்கொண்டு 'விழுங்கு, விழுங்கு' என்று சொல்கிறவளும் அல்ல. தோலில் தடிப்பு வந்தால், உதடு வீங்கினால், மூச்சு முட்டினால் உடனே நிறுத்திவிட்டு ஓடி வா என்றும் சேர்த்தே சொல்வேன். ஒரு நாளும் விட்டதில்லை.

என் கையில் இதுவா? ஒன்றுமில்லை, கொசு கடித்தது. எங்கள் தெருவில் சாக்கடையைத் தோண்டிப் போட்டுவிட்டு ஒரு வாரமாக எட்டிப் பார்க்கவில்லை.

என் தங்கை பெயர் லில்லி. அறுபத்து நான்கு வயது. எனக்கு எழுபத்தொன்று. எனக்கு அவள், அவளுக்கு நான், வேறு யாரும் கிடையாது. பாளையங்கோட்டையில் மாடி வீடு. கீழே பாத்திமுத்து என்கிற பெண் தையல் கடை வைத்திருக்கிறாள். பிப்ரவரி மாதம் லில்லிக்குக் குளிரும் காய்ச்சலுமாக வந்தது. சிறுநீரில் கிருமி, அது மேலே சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. டாக்டர் கற்பகம் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஆக இருபது. மாத்திரையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அதையும் யாருக்காவது வாங்கிக்கொண்டு போவீர்கள்.

"உடம்புக்கு ஏதாவது செஞ்சா உடனே எனக்கு போன் பண்ணுங்க" என்றார் டாக்டர்.

"நான் இருக்கிறேன், டாக்டர். ஒரு வேளை தவறாது" என்றேன்.

அவர் லில்லியைப் பார்த்து மறுபடியும், "ஏதாவது செஞ்சா போன் பண்ணுங்கம்மா, என்ன?" என்றார். மருந்தைப் பற்றித் தெரிந்தவள் நான் பக்கத்தில் நிற்கும்போது அவளைப் பார்த்து ஏன் சொல்ல வேண்டும்? எனக்கு அப்போதே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

என்னுடைய முறை ஒன்று உண்டு. அட்டையைத் திருப்பி, ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் பேனாவால் தேதியும் 'கா' அல்லது 'இ' என்றும் எழுதிவிடுவேன். போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்துக்கு இடமே இல்லை. வேளை வந்ததும் மாத்திரையை நானே பிரித்து லில்லியின் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் தம்ளரை மற்றொரு கையில் கொடுத்துவிட்டு, காலண்டரில் ஒரு டிக் போடுவேன். பாலோடு கொடுக்கவில்லை, வெறும் வயிற்றில் கொடுக்கவில்லை. ஒரு செவிலி இதைவிட ஒழுங்காகச் செய்துவிட முடியாது.

மூன்றாம் நாள் அவள் சொன்னாள்: "அக்கா, வாயெல்லாம் தகரத்த நக்குன மாதிரி இருக்கு."

"தகரத்தை நீ எப்போது நக்கினாய்?" என்றேன்.

அவள் சிரித்தாள். நான்காம் நாள் குமட்டல். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான், பெரும்பாலான மருந்துகளுக்கு உண்டு. உப்புப் போட்ட கஞ்சி கொடுத்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம் மாடிப்படி ஏறி வந்தவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

"குதியாங்காலுக்கு மேல யாரோ கயித்தக் கட்டி இழுக்க மாதிரி இருக்குக்கா. நேத்துலேருந்தே இருக்கு. இந்த மாத்திரையா இருக்குமோ?"

சிறுநீரகத்துக்குக் கொடுத்த மாத்திரை குதிகாலில் போய் என்ன செய்யும்? நியாயமாக யோசித்துப் பாருங்கள். அறுபத்து நான்கு வயதில், ஒரு நாளைக்கு ஆறு முறை மாடிப்படி ஏறி இறங்குகிறவளுக்குக் குதிகால் வலிக்காமல் வேறு எது வலிக்கும்? தைலம் தேய்த்துவிட்டேன். முப்பத்தோரு வருடத்தில் ஒரு ஆள்கூட என் ஜன்னலுக்கு வந்து, இந்த மாத்திரையால் என் குதிகால் வலிக்கிறது என்று சொன்னதில்லை.

ஆமாம், அந்த ஜன்னல் மருந்து கொடுக்கிற ஜன்னல்தான். வந்து சொல்கிற ஜன்னல் அல்ல. நீங்கள் கேட்பது புரிகிறது. ஆனாலும் சொல்ல நினைத்தவர்கள் சொல்லியிருக்கலாம் அல்லவா?

"டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேப்பமாக்கா?" என்றாள் சாயங்காலம்.

"என்னவென்று கேட்பாய்? குதிகால் வலிக்கிறது என்றா? அவர் சிரிப்பார். நான் எதற்கு இருக்கிறேன்? இன்னும் ஐந்தே நாள். ஆரம்பித்ததை முடி."

இதை நான் அவளிடம் முதல் முறையாகச் சொல்லவில்லை. அவளுக்கு இருபது வயதில், நர்ஸ் பயிற்சியில் இரண்டாம் வருடம், வார்டில் ஒரு குழந்தை இறந்ததைப் பார்த்துவிட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து நின்றாள். 'எனக்கு ஒத்துவரலக்கா' என்றாள். மறுநாள் காலை முதல் பேருந்தில் நானே கொண்டுபோய் விட்டேன். முடித்தாள். வகுப்பில் மூன்றாவதாகத் தேறினாள். சான்றிதழ் இன்னும் என் பீரோவில்தான் பத்திரமாக இருக்கிறது. வேலைக்கு அவள் ஒரு நாள்கூடப் போகவில்லை. அது வேறு விஷயம்.

ஆறாம் நாளிலிருந்து லில்லி ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டுவாள், தண்ணீரைக் குடிப்பாள், "ஆச்சுக்கா" என்பாள். வாயில் தகரம் இல்லை, குமட்டல் இல்லை. நொண்டினாள், ஆனால் ஒரு புகார் இல்லை. உடம்பு பழகிக்கொண்டது என்று எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது தெரியுமா? பத்தாம் நாள் இரவு கடைசி டிக் போட்டேன். அடுத்த வாரம் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. இரண்டு காலி அட்டைகளையும் நான் தூக்கி எறியவில்லை.

ஏன் வைத்துக்கொண்டேன் என்றால், எங்கள் சபையில் மாதம் ஒரு சனிக்கிழமை பெண்கள் கூட்டம் நடக்கும். மார்ச் மாதம் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேச என்னைக் கேட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் அந்த இரண்டு அட்டைகளையும் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன், தேதியெல்லாம் தெரிகிற மாதிரி. தூக்கிக் காட்டினேன். "என் தங்கை இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். குமட்டியது, வாய் கசந்தது, கால்கூட வலிக்கிறது என்றாள். பொருட்படுத்தாமல் இருபதையும் முடித்தாள். இப்போது பாருங்கள்" என்றேன். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் மடியில் இருந்த கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில், கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றேன். செல்வக்கனி எழுந்தாள். அவள் கணவர் கொத்தனார், சாரத்தில் ஏறி வேலை செய்கிறவர்.

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்கும் அதே மாத்திரதான் குடுத்திருக்காங்க. இன்னைக்கு நாலாம் நாளு. அவுகளுக்கும் அதே மாதிரி குதியாங்கால்ல இழுக்குன்னு சொல்லுதாவ. லில்லியக்காவுக்குச் சரியாப் போயிட்டுல்லா? அப்போ விடாம போடச் சொல்லட்டுமா?"

"சொல். நிறுத்தக் கூடாது" என்றேன். வேறு என்ன சொல்வேன்? நான் பேச வந்த விஷயமே அதுதான்.

அப்போது லில்லி எழுந்து நின்றாள், அம்மா. ஜெபக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டுகூட நான்கு பேர் கேட்க வாயைத் திறந்து ஜெபிக்காதவள். எழுந்து நின்று, "போடக் கூடாது, செல்வக்கனி" என்றாள். "இப்பவே டாக்டருக்குப் போன் போடு. கால ஊணி வேலைக்கு அனுப்பாத. நான் அத முடிக்கல. பாதியில நிறுத்திட்டேன். அஞ்சாம் நாளே டாக்டர்ட்ட கேட்டேன். அவங்க பார்த்துட்டு, விடாம போட்டிருந்தா தசைநார் அறுந்து போயிருக்கும்னு சொல்லி வேற மாத்திர தந்தாங்க. அதத்தான் முழுசா முடிச்சேன்."

நான் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நடந்தது இதுதான். ஐந்தாம் நாள் சாயங்காலம் பிளவுஸுக்கு ஊக்கு வைக்க வேண்டும் என்று கீழே போனவள், பாத்திமுத்துவின் கடையில் இருந்துகொண்டு டாக்டருக்குப் போன் செய்திருக்கிறாள். நிறுத்துங்கள், காலையில் வாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அன்று இரவு மாத்திரையிலிருந்து அவள் விழுங்கவே இல்லை. மறுநாள் காலை அதே சாக்கில் இறங்கி டாக்டரிடம் போய் வந்திருக்கிறாள்; அவர் தந்த புது மாத்திரைகள் பாத்திமுத்துவின் கடையில் இருந்தன. காலையில் ஒரு ஊக்கு, சாயங்காலம் ஒரு பொத்தான், இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டு இறங்கிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நான் கொடுத்தவை எங்கே? கூட்டம் முடிந்து வந்ததும் நேரே பாத்திமுத்துவிடம் போய்க் கேட்டேன். அவள் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தாள். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில் கிடந்தன. எண்ணினேன். ஐந்தாம் நாள் இரவு ஒன்று, மற்ற ஐந்து நாளுக்குப் பத்து. பதினொன்று இருக்க வேண்டும். பத்துதான் இருந்தது.

"ஒண்ணு தையல் மிஷினுக்கு அடியில உருண்டுட்டு, பெரியக்கா. தேடித் தரட்டா?" என்றாள் பாத்திமுத்து. சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா உனக்கு?"

"லில்லியக்கா ஒங்கட்ட சொல்லிச்சே. நீங்கதான் தைலம் தேச்சீங்களாம்."

என் கண் முன்னால் எப்படி ஏமாற்ற முடிந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? அதைத்தான் நானும் கேட்டேன். லில்லி சொன்னாள்: "கையில மாத்திரைய வச்சதும் நீ காலண்டர் பக்கம் திரும்பிருவ. டிக்குப் போட. நான் தண்ணிய மட்டும் குடிச்சேன்."

என்னுடைய ஒழுங்கையே எனக்கு எதிராகப் பயன்படுத்தியிருக்கிறாள். இதை நான் எப்படி மன்னிப்பது?

செல்வக்கனியின் கணவர் இப்போது நன்றாக நடக்கிறார். டாக்டர் அன்றைக்கே மாத்திரையை மாற்றிவிட்டாராம், இரண்டு வாரம் ஓய்வு, மறுபடி சாரம் ஏறிவிட்டார். நடக்கட்டும். யார் வேண்டாம் என்றார்கள்? அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு என்பதைப் பிறகு நானும் படித்துப் பார்த்தேன். வயதானவர்களுக்கு இன்னும் அதிகமாம். என் காலத்துப் பாடத்தில் அது இல்லை. இல்லாததை நான் எப்படிச் சொல்ல முடியும்? என் வருத்தம் அதைப் பற்றியது அல்ல. நாற்பத்திரண்டு பேர் நடுவில் சொன்னாளே, அதைப் பற்றியது. வீட்டில் சொல்லியிருக்கலாமே.

இதை அவளிடம் கேட்டதற்கு என்ன சொன்னாள் தெரியுமா? "வீட்டுல சொன்னா நீ காரணம் சொல்லுவ. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் வச்சிருப்ப. எல்லாமே சரியாத்தான் இருக்கும். எனக்கு வலிக்கின்னு சொன்னா, 'எங்க வலிக்கி'ன்னு ஒரு தடவ கேட்டிருக்கியாக்கா?"

"கேட்காமலா தைலம் தேய்த்தேன்?" என்றேன்.

அவள் இரண்டு நாள் கழித்து ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். ரெபேக்காள் என்று ஒரு சிநேகிதி, நர்ஸ் பயிற்சியில் கூடப் படித்தவள், அங்கே தனியாக இருக்கிறாள். நாற்பது நாள் ஆகிவிட்டது. நான் இந்த முறை கொண்டுபோய் விடவும் இல்லை, கூட்டிக்கொண்டு வரவும் இல்லை. அவளாக வரட்டும் என்று இருந்தேன்.

இப்போது ஏன் போகிறேன் என்றால், அழைத்து வர. சொன்னேனே. வீடு பூட்டியே கிடக்கிறது. பூட்டி என்றால், நான் உள்ளேதான் இருக்கிறேன், ஆனாலும் அப்படித்தான் இருக்கிறது.

வாகைகுளம் தாண்டிவிட்டதா? மணி என்ன? இரண்டு ஆகப் போகிறது. கொஞ்சம் பொறுங்கள், எனக்கும் ஒரு மாத்திரை இருக்கிறது. கடைவாய்ப் பல்லில் சீழ், ஐந்து நாளைக்கு. எட்டு மணி நேரத்துக்கு ஒன்று: காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. பாருங்கள், தேதி எழுதியிருக்கிறேன். இன்று மூன்றாம் நாள். இதோ, பிரித்துக் கையில் எடுத்துவிட்டேன். யார் எழுதிக் கொடுத்தார்கள் என்றா? எனக்கு எதற்குச் சீட்டு? மருந்துக் கடை வைத்திருக்கிறவன் என் கீழே வேலை பார்த்தவன். நான் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பான்.

உங்கள் தம்பியும் நானும் ஒன்றா, அம்மா? நான் படித்தவள்.

சரி. அப்படிப் பார்க்காதீர்கள்.

கொசு இல்லை. உங்களுக்கும் தெரிந்திருக்கும், பஸ் ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டுதானே வருகிறீர்கள். இந்தத் தடிப்பு முதலில் மணிக்கட்டில் இருந்தது, நேற்று சாயங்காலம். ராத்திரி முழங்கை வரை. காலையில் கழுத்திலும் இருக்கிறது, அதனால்தான் முந்தானையை இப்படிப் போட்டிருக்கிறேன். வெயில் என்று நினைத்தேன். நினைக்கவில்லை, சொல்லிக்கொண்டேன். காலை ஆறு மணிக்கும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு டிக் போட்டேன். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. அப்போதுதான் இந்தப் பஸ்ஸைப் பற்றி யோசித்தேன்.

மூச்சு முட்டவில்லை. உதடும் வீங்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், அம்மா. முப்பத்தோரு வருடம் நானே சொல்லியிருக்கிறேன். உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. அதைத் தெரிந்துகொண்டுதான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். கற்பகத்தின் எண் காலண்டருக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இரண்டு முறை போனை எடுத்தேன். 'ஹலோ' என்று அவர் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல வேண்டும்? நான் சீட்டு இல்லாமல் வாங்கிப் போட்டேன், எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றா? அந்த வாக்கியத்தை எங்கே தொடங்குவது என்று எனக்கு வரவில்லை. லில்லி டாக்டரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள் அல்லவா, அவளுக்குத் தெரியும்.

உங்கள் அட்டையைப் பிடியுங்கள். தேதி எழுதலாம் என்றுதான் வாங்கினேன். எழுதவில்லை. இந்த நான்கையும் தம்பிக்குக் கொடுக்காதீர்கள், அவன் பல்லை ஒரு பல் டாக்டர் பார்க்கட்டும். மாமனாருக்கும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். எழுதிக் கொடுத்தவருக்கு இன்றைக்கே போன் செய்து, வயிற்றைப் பிரட்டியது, நிறுத்திவிட்டார், இனி என்ன செய்ய என்று கேளுங்கள். அது ஒன்றும் வெட்கப்படுகிற கேள்வி அல்ல.

உங்கள் போனைக் கொஞ்சம் கொடுக்க முடியுமா? என்னிடமும் இருக்கிறது. என் எண்ணைப் பார்த்தால் லில்லி எடுப்பதில்லை. நான் சொல்லச் சொல்ல அழுத்துங்கள், மனப்பாடமாகத் தெரியும். மணி போகிறதா? முதலில் நீங்கள் பேசுங்கள். நான் என்று சொல்ல வேண்டாம். பஸ்ஸில் ஒரு வயதான அம்மா, மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் கையெல்லாம் தடித்திருக்கிறது, டாக்டரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேட்கிறார், அவ்வளவு சொன்னால் போதும்.

எடுத்துவிட்டாளா? சொல்லுங்கள்.

என்ன கேட்கிறாள்? மூச்சு முட்டவில்லை என்று சொல்லுங்கள். உதடும் சரியாக இருக்கிறது. தூத்துக்குடி பஸ்தான். ஆமாம், ஜன்னல் பக்கம்.

என்ன? பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறாளாமா? நேரே ஆஸ்பத்திரிக்கா? நான் யாரென்று நீங்கள் சொல்லவே இல்லையே.

இன்னும் என்ன சொல்கிறாள்? கையில் பிரித்து வைத்திருக்கிற மாத்திரையைத் திரும்பப் பைக்குள் போடச் சொல்கிறாளா?

நான் பிரித்துக் கையில் வைத்திருக்கிறேன் என்று அவளுக்கு யார் சொன்னது?